ஊசி போட்டதிலிருந்து அழுகிய முட்டை வாடை

சர்க்கரை நோய்க்கும் எடை குறையவும் போடும் மவுஞ்சாரோ ஊசியை 5 மில்லிகிராமுக்கு ஏற்றியதிலிருந்து அழுகிய முட்டை வாடை வருகிறது, வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை என்கிறீர்கள். முதலில் உங்கள் ஏப்பத்தைக் கவனியுங்கள். இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், அதனால் ராத்திரி சாப்பிட்ட முட்டையும் பருப்பும் வெகுநேரம் உள்ளேயே கிடந்து அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மேலே வரும், நானும் 2.5-லிருந்து 5-க்குப் போன வாரம் இது புரியாமல் ஃப்ரிட்ஜை இரண்டு தடவை கழுவினேன்! ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்து ஏழு மணிக்கே முடித்ததும் அடங்கியது.

வாடை நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி இருந்தால் அது வேறு, சாப்பாடு ரொம்பக் குறைந்து கொழுப்பு கரையும்போது வரும் அசிட்டோன். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அதோடு வாந்தியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏப்பமே இல்லாமல் புகை வாடை மட்டும் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.