இன்ஜின் வேலையும் தண்டல் கடனும்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். நான்கு சிலிண்டர் டீசல் பிக்கப் வண்டியில் ஏற்காடு எஸ்டேட்டுகளிலிருந்து காப்பி, மிளகு மூட்டைகளை இறக்குகிறேன். இன்ஜினில் தட்டும் சத்தம் வந்ததால் பிரித்துப் பார்த்தோம். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உள்ள பிக் எண்டு பேரிங் ஒன்று தேய்ந்து, கிராங்க்கில் கீறல் விழுந்திருந்தது. ஆயில் கெட்டியாகிப் போனதே காரணம் என்றார் மெக்கானிக். கையில் பணமில்லாமல் ஆயில் மாற்றுவதை இருமுறை தள்ளிப் போட்டிருந்தேன். கம்பெனி கனெக்டிங் ராடுகள் நான்கையும் ரீகண்டிஷன் (பழையதையே சீர்ப்படுத்துவது) செய்ய ரூ.5,000, புதிதாகப் போட ரூ.14,000, மற்ற வேலைகளுக்கு ரூ.80,000 ஆகும். வழக்கம்போல் தண்டலில் ரூ.1,50,000 எடுத்தால் ரூ.1,35,000 கைக்கு வரும், நாளுக்கு ரூ.1,500 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அதில் ரூ.50,000-ஐ மைத்துனர் சீட்டுப் பணம் கட்டக் கைமாற்றாகக் கேட்கிறார். சென்ற ஆண்டு கொடுத்ததில் ரூ.40,000 இன்னும் வரவில்லை. ரீகண்டிஷன் செய்தால் போதுமா? மனைவியின் நகையை அடகு வைக்க மனமில்லை.

பதில்: உங்கள் கணக்கை மறுபடி பாருங்கள். ரூ.1,35,000-இல் மைத்துனருக்கு ரூ.50,000 போனால் மீதி ரூ.85,000, அது ரீகண்டிஷன் செலவுக்கு ரூபாய் பிசகாமல் பொருந்துகிறது. அதாவது, ராடுகளின் நிலையைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவை, ஒருவரும் அளவு பார்க்கும் முன்பே மைத்துனரின் சீட்டு எடுத்துவிட்டது.

ரீகண்டிஷன் தரக்குறைவான வேலை அல்ல. பிக் எண்டு துளை நீள்வட்டமாகியிருந்தால், மூடியும் ராடும் சேரும் முகங்களைச் சிறிது அரைத்து, போல்ட்டை முறைப்படி முறுக்கி, துளையை ஹோனிங் (நுண்ணிய தேய்ப்பு) செய்து பழைய அளவுக்கே கொண்டுவருவார்கள்; பிஸ்டன் பக்கமுள்ள சிறிய முனைக்குப் புதிய புஷ் (உள்வளையம்) போடுவார்கள். ஆனால் வெப்பத்தில் நீலம் பாய்ந்த ராடு, வளைந்த அல்லது முறுக்கிய ராடு, வெடிப்பு கண்ட ராடு ஆகியவற்றை எந்த லேத் பட்டறையும் திருத்தித் தரக் கூடாது. மூடியைத் தனியாக அறுக்காமல் உடைத்துப் பிரித்துச் செய்த ராடாக இருந்தால், அந்தக் கரடுமுரடான முகத்தை அரைக்கவே முடியாது. துளை கெட்டிருந்தால் ராடையே மாற்ற வேண்டும். ஆகவே நான்கையும் துளை அளவு, வளைவு, வெடிப்பு மூன்றுக்கும் சோதித்து, அளவுகளை எழுதி வாங்குங்கள். பேரிங் போன அந்த ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றி, எடையை மற்ற மூன்றோடு ஒத்ததாகப் பார்த்துக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் ராடு போல்ட்டுகள் புதிதாக இருக்கட்டும். பந்தயக் கார்களுக்கென்று இணையத்தில் விளம்பரப்படுத்தப்படும் எச்-பீம் ராடுகளை யாராவது சிபாரிசு செய்தால் கேட்க வேண்டாம். மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது வீண் செலவு.

இனிப் பணத்துக்கு வருகிறேன். தண்டலில் ரூ.15,000 வட்டி. அன்றாடம் திருப்பிக் கட்டுவதால் சராசரியாக உங்களிடம் இருக்கும் கடன் சுமார் ரூ.67,500 மட்டுமே. 100 நாளுக்கு 22 சதவீதம் என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீதம். பழைய ராடுக்கும் புதிய ராடுக்கும் உள்ள வித்தியாசம் ரூ.9,000 என்று தயங்கும் நீங்கள், அதைவிடப் பெரிய தொகையை வட்டியாகக் கொடுக்கச் சம்மதிக்கிறீர்கள். அதில் சுமார் ரூ.5,500 மைத்துனரின் பங்குக்கான வட்டி. அவர் அசலைத் திருப்பித் தந்தாலும் அது உங்கள் பையிலிருந்து போனதுதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. தண்டல்காரர் மறுநாள் காலையே வசூலுக்கு வருவார். வண்டியோ பட்டறையில் இருக்கும். கிராங்க் அரைத்து வர ஒரு வாரம், பத்து நாள் ஆனால், நாளுக்கு ரூ.1,500 வீதம் பணம் வெளியேறும், வரவு ஒன்றும் இராது. அந்த நெருக்கடியில் மெக்கானிக்கை அவசரப்படுத்துவீர்கள். அளவு பார்க்காமல் இன்ஜினைப் பூட்டுவார். ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது அதே பேரிங் மறுபடி தட்டத் தொடங்கலாம். தண்டல் எடுத்து மைத்துனருக்குக் கொடுப்பதும், அதனால் ஆயிலுக்குப் பணமில்லாமல் போவதுமான இந்தப் பழக்கம்தான் இன்ஜினைப் பிரிக்க வைத்தது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது.

நகையை வங்கியில் அடகு வைப்பதில் குறைவு ஒன்றுமில்லை. மனைவியிடம் கணக்கைக் காட்டி, அவர் சம்மதத்துடன், புதிய ராடுகளுக்கும் சேர்த்து ரூ.94,000 வாங்குங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்து, மாதம் சுமார் ரூ.16,000 வீதம் ஆறு மாதத்தில் அடைத்தால் வட்டி ரூ.3,000-ஐ எட்டாது. நாளுக்கு ரூ.1,500 கட்டத் துணிந்தவருக்கு இது இயலாத தொகை அல்ல. நவம்பரில் தொடங்கும் காப்பிப் பருவத்தில் நகையை இன்னும் சீக்கிரமே மீட்கலாம்.

மைத்துனரிடம், பழைய ரூ.40,000 வரும் வரை புதிய கைமாற்று இல்லை என்று நீங்களே நேரில் சொல்லுங்கள். மனைவியைத் தூது அனுப்ப வேண்டாம். கடன் அடைந்த பிறகு மாதம் ரூ.4,000-ஐ வண்டிக்கென்றே அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். சிறு நிறுவனப் பங்குகளில் முதலிடும் ஸ்மால் கேப் ஃபண்டில் போட்டால் வேகமாக வளரும் என்று இப்போது பலரும் சொல்லக்கூடும். சந்தை சரிந்த மாதத்திலும் இன்ஜின் பழுதாகும் என்பதால், இந்தப் பணத்துக்கு அது வேண்டாம். ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் செலவை அன்றாட டீசல் செலவோடு சேர்த்தே எழுதுங்கள்.