மரப்பலகையில் முகங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: வண்ணமயமான ஒரு பெண்ணின் முக ஓவியம், மரத்தில் அச்சிட்டது, ஆன்லைனில் வாங்கினேன். திரையில் வெள்ளை வெளேரென்று இருந்த கண்கள் பலகையில் மஞ்சளாக இருக்கின்றன. கேட்டால், "மரம்னா அப்படித்தான்" என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள். சாதாரண அச்சில் வெள்ளை மை கிடையாது; காகிதத்தின் வெண்மைதான் அங்கே வெள்ளை. மரத்தில் அந்த இடத்தில் மரம்தான் தெரியும். கண், பல், நெற்றியில் விழும் ஒளி எல்லாம் பலகையின் நிறத்துக்குப் போய்விடும். யுவி அச்சில் (புற ஊதா ஒளியால் மையை உடனே உறையவைக்கும் முறை) முதலில் வெள்ளை மை அடித்து அதன் மேல் வண்ணம் ஏற்ற வழியுண்டு. முழுக்க அடித்தால் மரவரி மறைந்துவிடும். அப்புறம் மரம் எதற்கு? வேண்டிய இடத்தில் மட்டும் அடிக்கிறவர்தான் தொழில் தெரிந்தவர். விற்றவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் காசு வாங்கும் முன் சொல்லியிருக்க வேண்டும். விளம்பரப் படத்தையும் பலகையையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

இதில் எனக்கொரு பழைய எரிச்சல் உண்டு. விளம்பரத்தில் நாம் பார்ப்பது பலகையின் புகைப்படமே அல்ல. ஓவியத்தின் கணினிக் கோப்பை ஒரு சோபாவுக்கு மேலே ஒட்டிவிடுகிறார்கள். அதே சோபா, அதே பூந்தொட்டி, ஓவியம் மட்டும் மாறும். மரவரி தெரிகிறதே என்பீர்கள். எல்லா ஓவியத்திலும் கணு ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், குட்டு வெளிப்படும். அச்சடித்து முடித்த பலகையை, ஓரமும் பின்புறமும் தெரிய, கைபேசியில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். வரியே இல்லாமல் மாவாகத் தெரிந்தால் எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. இரண்டும் குற்றமில்லை, 'முழு மரம்' என்று விலை போடாதவரை. மழுப்பினால் விட்டுவிடுங்கள். அப்படிக் கேட்காமல் வாங்கிய முகம் ஒன்று என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கன்னத்தில் சரியாக ஒரு கணு. வருகிறவர்கள் மச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: சுவரை நிறைக்கும் என்று நினைத்து வாங்கினேன். நோட்டுப்புத்தக அளவில் வந்திருக்கிறது.

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலேயே அளவு இருக்கிறது.

கேள்வி: 'கையால் தீட்டியது' என்று கூடுதல் விலை வாங்கினார்கள். தடவினால் தூரிகைத் தடம் தட்டுப்படுகிறது. ஆனாலும் சந்தேகம்.

பதில்: நியாயமான சந்தேகம். அச்சின் மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்தாலே தடம் வந்துவிடும். உதடும் கன்னமும் சேரும் இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நிறம் நுண்புள்ளிகளாகச் சிதறியிருந்தால் அச்சு. தடம் ஒரு பக்கமும் வண்ணம் இன்னொரு பக்கமும் போனாலும் சந்தேகம் வலுக்கும். அச்சுதான் என்றால் இது மோசடி, உங்கள் தவறு துளியும் இல்லை. அவர்கள் மாற்றுவதற்குள் விற்பனைப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். புகாரை விற்பனைத் தளத்துக்கும், பணம் செலுத்திய வங்கி அல்லது செயலிக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

கேள்வி: பாட்டியை வரைந்த பழைய ஓவியம் வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. பெரிய பலகையில் அச்சிடலாமா?

பதில்: அந்தப் படத்தை வைத்து வேண்டாம், சுருங்கி வந்திருக்கும். 12க்கு 16 அங்குலப் பலகைக்கு, அங்குலத்துக்கு 150 பிக்சல் என்று வைத்தாலே 1,800க்கு 2,400 பிக்சல் தேவை. ஓவியத்தை நேர் எதிரே நின்று, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து, டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: தூசி போக ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தேன். பலகை வளைந்துவிட்டது. மாற்றித் தருவார்களா?

பதில்: மாட்டார்கள்.