கட்சி தோற்றது, அவர் ஜெயித்தார்: இருப்பதா, விலகுவதா?

ஒரு வாசகரின் கேள்வி, சுருக்கமாக: "நான் ஒரு மக்கள் பிரதிநிதியின் தொகுதி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். போன ஆட்சியில் அவர் அமைச்சர். இந்தத் தேர்தலில் கட்சி ஆட்சியை இழந்துவிட்டது, அவர் மட்டும் தொகுதியில் ஜெயித்துவிட்டார். இப்போது தினமும் 'எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து என்ன பண்ணப்போறேன், ராஜினாமா பண்ணிட்டுப் போயிடலாம்' என்கிறார். அலுவலகத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறோம். அவர் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா?"

இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வருடமாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் இரண்டு வருடம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தோல்விக்குப் பொறுப்பேற்று விலகுவது என்று பேசும்போது கட்சிப் பதவியையும் தொகுதியையும் ஒரே மூச்சில் பேசிவிடுகிறார்கள். கட்சிப் பதவியை விடலாம், தலைவராக இருந்தால் சீக்கிரம் விடுவதே நல்லது, அடுத்தவர் வந்து கட்சியை எழுப்ப நேரம் கிடைக்கும். தொகுதியை ஏன் விட வேண்டும்? அங்கே அவர் தோற்கவே இல்லையே. நியூசிலாந்தில் 2008 நவம்பர் தேர்தலில் ஆட்சியை இழந்த ஹெலன் கிளார்க், முடிவு வந்த அன்று இரவே தலைமையை விடுவதாகச் சொல்லிவிட்டார், ஆனால் எம்பியாகத் தொடர்ந்தார், வெளியுறவுத் துறையை எதிர்க்கட்சி சார்பில் கவனித்தார், ஐநா வளர்ச்சித் திட்டத்துக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு வந்த பிறகு 2009 ஏப்ரலில்தான் நாடாளுமன்றத்தை விட்டுப் போனார். பிரிட்டனில் அலெக் டக்ளஸ்-ஹ்யூம் இன்னும் நல்ல உதாரணம். 1964இல் பிரதமராக இருந்து தோற்றார், அடுத்த வருடம் தலைமையை விட்டார், தன் அமைச்சரவையில் இருந்த எட்வர்ட் ஹீத் தலைவரானதும் அவருக்குக் கீழே வேலை செய்யக் கூச்சப்படவில்லை, 1970இல் கட்சி திரும்ப ஜெயித்தபோது வெளியுறவு அமைச்சராக வந்து உட்கார்ந்தார்.

இந்தப் பெருந்தன்மையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஹீத்துக்கு அது ஒட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. 1974இல் ஆட்சி போய், 1975இல் மார்கரெட் தாட்சரிடம் தலைமையும் போன பிறகு, 2001 வரை எம்பியாகவே இருந்தார், ஆனால் தாட்சர் மேல் இருந்த கோபம் கடைசிவரை தணியவில்லை. ஆக, இருந்தால் மட்டும் போதாது, எப்படி இருக்கிறார் என்பதும் முக்கியம்.

சரி, உங்கள் ஆளின் விஷயத்துக்கு வருகிறேன். "என்ன பண்ணப்போறேன்" என்கிறார் இல்லையா, அவர் நினைப்பதைவிட அவருக்கு நிறைய வேலை இருக்கிறது. புதிய அரசு வந்ததும் முதல் சில மாதங்கள் ஒரே பல்லவிதான் ஓடும்: போன ஆட்சி எதையும் செய்யவில்லை, கஜானாவைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. இதற்குப் புதிதாக ஜெயித்து வந்த எதிர்க்கட்சி உறுப்பினர் என்ன பதில் சொல்ல முடியும், சத்தம் போடலாம், வெளிநடப்பு செய்யலாம், அவ்வளவுதான். முன்னாள் அமைச்சருக்கு அந்தத் துறையில் எந்தக் கோப்பு எங்கே நின்றது, நிதித்துறை எதற்கு ஆட்சேபம் எழுதியது, இன்றைக்குப் புதுத் திட்டம் என்று அறிவிக்கிறார்களே அது தன் காலத்தில் வேறு பெயரில் ஒப்புதலாகி டெண்டர்வரை போனதுதானா என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரியும். ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சபையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் இப்படி ஒருவர் எழுந்து நிதானமாக நாலு கேள்வி கேட்டால் அமைச்சர் மட்டுமில்லை, அதிகாரிகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனென்றால் எந்தப் பதில் மழுப்பல் என்பது இவருக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

இந்த அறிவுக்கு ஆயுள் குறைவு, என் இரண்டு வருடக் கணக்கு இதுதான். புதிய அரசின் முதல் பட்ஜெட் பெரும்பாலும் பழைய அரசின் எண்களின் மேல்தான் நிற்கும். இரண்டாவது, மூன்றாவது பட்ஜெட் வரும்போது விதிகள் மாறியிருக்கும், செயலாளர்கள் மாறியிருப்பார்கள், திட்டங்களின் பெயரும் வடிவமும் மாறியிருக்கும், அப்போது முன்னாள் அமைச்சரும் மற்ற உறுப்பினர்களில் ஒருவர்தான். அவருடைய அனுபவத்துக்கு அதிக மதிப்பு இருக்கும் காலத்தில் கிளம்பிவிட்டு, அப்புறம் வெளியே நின்று அறிக்கை விடுவதில் யாருக்கு லாபம்?

இன்னொன்று, தணிக்கை அறிக்கைகள் எப்போதும் பின்தங்கித்தான் வரும். இப்போதிலிருந்து ஓரிரு வருடத்தில் சபையில் வைக்கப்படும் அறிக்கைகள் பெரும்பாலும் அவர் அமைச்சராக இருந்த வருடங்களின் செலவைப் பற்றியவை. அவர் எழுந்து பதில் சொல்லாவிட்டால் அந்தக் காலத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு புதுமுகம் கட்சிக்காகத் திணற வேண்டியிருக்கும். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. தணிக்கை அறிக்கைகளை வைத்து அரசின் செலவை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் தலைவராவது பிரிட்டனில் பழைய மரபு, இந்திய நாடாளுமன்றத்திலும் 1967 முதல் அப்படித்தான். அனுபவம் இருக்கிறதே என்று கட்சி இவரை அந்தக் குழுவில் போடப் பார்க்கும். போனாலும் சரி, தன் பழைய துறையின் கணக்கு விசாரணைக்கு வரும் நாளில் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டிக்கொண்டால், அதுவரை சம்பாதித்த பெயர் ஒரே நாளில் போய்விடும்.

எண்ணிக்கையையும் மறக்காதீர்கள். தோற்ற கட்சியிடம் ஒவ்வொரு இடமும் கணக்குத்தான். இந்தியாவில் 2014இல் காங்கிரஸுக்கு மக்களவையில் 44 இடம், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இல்லை என்று எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தே கொடுக்கவில்லை. உங்கள் கட்சி விளிம்பில் நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் இவர் போவது அவர் ஒருவரின் சொந்த முடிவாக நிற்காது.

போனால் என்ன ஆகும் என்பது தேர்தல் முறையைப் பொறுத்தது. தொகுதியில் நிற்காமல், கட்சிக்கு விழுந்த வாக்குகளின் கணக்கில் கட்சிப் பட்டியலில் வந்தவர் என்றால் அடுத்த பெயர்க்காரர் வந்து உட்காருவார், பெரிய சேதமில்லை. நியூசிலாந்தில் 2017இல் ஆட்சியை இழந்த தேசியக் கட்சியில் பில் இங்கிலிஷ் 2018இல் விலகியபோது அவர் பட்டியல் எம்பி என்பதால் அடுத்தவர் சத்தமில்லாமல் வந்துவிட்டார். அதே கட்சியின் முன்னாள் சுகாதார அமைச்சர் ஜோனதன் கோல்மன் அதே வருடம் விலகினார், அவர் தொகுதி எம்பி, நார்த்கோட்டில் இடைத்தேர்தல் நடத்த வேண்டியதாயிற்று. உங்களுடையது தொகுதி. வாக்குப்பதிவு மை காய்வதற்குள் திரும்ப வரிசையில் நிற்கச் சொன்னால் மக்களுக்கு எரிச்சல் வரும், அந்த எரிச்சல் நேராகப் போய் விழுவது கட்சி நிறுத்தும் அடுத்த வேட்பாளர் தலையில்தான்.

ஊர் வாயையும் யோசியுங்கள். ஆட்சி மாறிய கொஞ்ச நாளில் ஒருவர் ராஜினாமா என்றாலே அடுத்த கேள்வி 'எந்தக் கட்சிக்குப் போறார்' என்பதுதான். அது நியாயமான சந்தேகமும்கூட. கர்நாடகத்தில் 2019இல் ராஜினாமா கடிதம் கொடுத்த உறுப்பினர்களில் பலர் அதே வருடம் டிசம்பர் இடைத்தேர்தலில் எதிர்முகாம் சின்னத்தில் நின்று ஜெயித்தார்கள். உங்கள் தலைவர் மனதில் அப்படி ஏதாவது ஓடுகிறதா என்று நீங்கள் தனியாக, நேராகக் கேட்டுவிடுங்கள். அப்படி இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையே இல்லை, உங்களுக்கு வேறு வேலை தேவை.

எல்லாவற்றையும்விட மோசமான வழி ஒன்று இருக்கிறது, போகவும் மாட்டார், முழுசாக இருக்கவும் மாட்டார். ஆஸ்திரேலியாவில் பீட்டர் காஸ்டெல்லோ 11 வருடத்துக்கு மேல் நிதியமைச்சராக இருந்தவர். 2007 நவம்பரில் கட்சி தோற்ற மறுநாளே தலைமைக்குப் போட்டியிடமாட்டேன் என்றார், ஆனால் 2009 அக்டோபர் வரை பின்வரிசையிலேயே இருந்தார். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் 'காஸ்டெல்லோ வருவாரா, மாட்டாரா' என்ற பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது, அடுத்தடுத்துத் தலைவரான பிரெண்டன் நெல்சனும் பிறகு மால்கம் டர்ன்புல்லும் அந்த நிழலிலேயே கட்சியை நடத்த வேண்டியிருந்தது. அவர் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை, ஒரு தெளிவான வாக்கியத்தைச் சொல்லாமல் தள்ளிப்போட்டார், அவ்வளவுதான். பிரிட்டனில் கார்டன் பிரவுன் 2010இல் ஆட்சியை இழந்து 2015 வரை எம்பியாக இருந்தார், சபைக்கே வருவதில்லை என்று திட்டு வாங்கினார். ஆனால் பிரிட்டனிலிருந்து பிரிவதா என்று 2014இல் ஸ்காட்லாந்தில் நடந்த பொதுவாக்கெடுப்பில் அவர் இறங்கிப் பேசியது பெரிதாக எடுபட்டது. அது உண்மைதான், என்றாலும் பல வருடத்தில் ஒரு நல்ல பேச்சு என்பதை நான் முன்மாதிரியாகச் சொல்லமாட்டேன்.

அப்படியென்றால் யாருமே போகக் கூடாதா? போகலாம். உடம்பு முடியாதவர் போகலாம். தன்னைத் தோற்கடித்தவர்களின் முகத்தைத் தினமும் பார்த்தால் தூக்கம் வராது என்பவரும் போகலாம், கசப்போடு உட்கார்ந்திருப்பவரால் கட்சிக்குக் கெடுதல்தான். ஆனால் ஒரு நிறுவனம் நல்ல சம்பளத்தோடு கூப்பிடுகிறது என்றால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அதுவும் தான் அமைச்சராக இருந்து அனுமதி கொடுத்த துறையில் இருக்கும் நிறுவனம் என்றால் ரொம்பவே. பதவி போன பிறகு கொஞ்ச காலம் அப்படிப்பட்ட வேலைக்குப் போகக் கூடாது என்று பல நாடுகளில் இடைவெளிக் கால விதி இருக்கிறது, உங்கள் இடத்தில் விதி இல்லாவிட்டாலும் பத்திரிகைகள் இருக்கின்றன.

ஒருவேளை அவர் தன் தொகுதியிலும் தோற்றிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும், அங்கே மக்களே முடிவு சொல்லிவிட்டார்கள். அப்போதும் கதை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காமராஜர் 1967இல் விருதுநகரில் தோற்று, 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். இந்திரா காந்தி 1977இல் ரேபரேலியில் தோற்று, 1978இல் சிக்மகளூரில் ஜெயித்து, 1980இல் பிரதமராகவே திரும்பினார். ஆனால் இவர்களைக் காட்டி ஆசை வளர்த்துக்கொள்ள வேண்டாம், எல்லோருக்கும் இது அமையாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதல் மூன்று மாதம் எந்த முடிவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தக் காலத்தில் சைரன் காரும் அதிகாரிகளும் போன வெறுமைதான் பேசும். எழுதி வைத்த ராஜினாமா கடிதம் ஏதாவது இருந்தால் அது யார் கையிலும், குறிப்பாகக் கட்சித் தலைமையின் மேஜையில், போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ராஜினாமா தானாக முன்வந்து கொடுத்ததுதானா என்று சபாநாயகர் திருப்தியடைந்த பிறகே ஏற்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது, 1974இல் அதற்காகத் திருத்தம் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் எம்பியாக இருப்பவர் நேரடியாக ராஜினாமா செய்யவே முடியாது, பெயருக்கு ஒரு அரசுப் பதவியை வாங்கிக்கொண்டு அதன் மூலம் தகுதி இழக்க வேண்டும், 1624இல் போட்ட தீர்மானம் இன்னும் ஓடுகிறது.

மூன்று மாதம் கழித்து அவரை உட்கார வைத்து, பழைய துறை தொடர்பாக அடுத்த கூட்டத்தொடரில் கேட்க இருபது கேள்வி எழுதித் தரச் சொல்லுங்கள். உற்சாகமாக எழுதினால் பிரச்சினை தீர்ந்தது, அடுத்த பொதுத்தேர்தலில் நிற்பாரா என்பதை மட்டும் பாதிக் காலம் முடிவதற்குள் வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள், அடுத்த வேட்பாளரைத் தயார் செய்யக் கட்சிக்கு நேரம் வேண்டும். ஐந்தாவது கேள்வியிலேயே பேனாவை வைத்துவிட்டால் அவர் மனதளவில் ஏற்கனவே கிளம்பிவிட்டார், பிடித்து வைக்காதீர்கள், இடைத்தேர்தலை வேறொரு தேர்தலோடு சேர்த்து நடத்த வசதியான தேதியாகப் பார்த்து, தொகுதி அலுவலகத்தில் நிலுவையில் இருக்கும் மனுக்களை முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.