'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்? எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. தயவுசெய்து இதை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக இந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுதவே பீட்டர் கில்லிவர் என்ற தொகுப்பாளருக்கு சுமார் 9 மாதங்கள் பிடித்தன. தேறியவை 645 அர்த்தங்கள். 1989 பதிப்பில் முதலிடத்தில் இருந்த 'செட்'டையே இது முந்திவிட்டது.

நான் மொழிபெயர்ப்பாளர். இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒருமுறை துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு வந்தது. கூடவே ஒரு சொற்பட்டியல்: 'ரன்' என்றால் 'இயக்கு', வேறு எதுவும் போடக் கூடாது. 'ரன் த மெஷின்' வரைக்கும் சரி. 'கலர்ஸ் மே ரன்' என்று வந்த இடத்தில் 'சாயம் போகலாம்' என்று எழுதினேன். 'ரன் அவுட் ஆஃப் டிடர்ஜென்ட்' என்பதற்கு 'சோப்புத்தூள் தீர்ந்துவிட்டால்'. இரண்டையும் பிழை என்று சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்பினார்கள். சரிபார்த்தது ஒரு மென்பொருள். பட்டியலில் உள்ள சொல் இல்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 'நிறங்கள் இயங்கலாம்' என்று எந்தத் தமிழர் எழுதுவார்? விடாமல் வாதாடி என் வரிகளையே அச்சேற்ற வைத்தேன்.

நம் 'ஓடு'வைப் பாருங்கள். படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடவில்லை, பொழுது ஓடிவிட்டது. பட்டியல் போட்டா படித்தோம்? எது ஓடுகிறது என்பதை வைத்தே அர்த்தம் பிடிபட்டுவிடுகிறது. 'ரன்'னும் அப்படித்தான். மூக்கு என்றால் ஒழுகுகிறது, ஆறு என்றால் பாய்கிறது, கடையை என்றால் நடத்துகிறார், தேர்தலில் என்றால் போட்டியிடுகிறார். பின்னால் ஒட்டும் சின்னச் சொற்களிடம் மட்டும் கவனமாக இருங்கள். ஒருவரை 'ரன் இன்டு' செய்தால் தற்செயலாகச் சந்தித்தீர்கள். 'ரன் ஓவர்' என்றால் அவர் மேல் வண்டியை ஏற்றிவிட்டீர்கள். இவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே படிப்பது நல்லது.

அகராதியே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தினமும் அதைப் புரட்டித்தான் பிழைக்கிறேன். அப்புறம், கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கூலி ஆங்கிலச் சொற்களை எண்ணித்தான். ஏற்கெனவே வந்த வரி மறுபடி வந்தால் அதிலும் குறைப்பார்கள். அதே கையேட்டில் 'ரன்' என்பது ஓரிடத்தில் பொத்தானின் பெயர், இன்னோரிடத்தில் சோதனை ஓட்டங்களின் அட்டவணைத் தலைப்பு. முதலாவது 'இயக்கு', இரண்டாவது 'ஓட்டம்'. இரண்டாவதற்குத்தான் அதிகம் யோசித்தேன். அதற்குத்தான் கூலியைக் குறைத்தார்கள்.