கேத்தி உறைபனியும் 93 சதவீதமும்

அன்புள்ள ஐயா,

நீலகிரியில் கேத்திப் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் மூன்று குளிர்காலமாகப் பள்ளிக் கூரையடியில் சென்சார் மாட்டி வெப்பம், ஈரப்பதம் குறித்து வருகிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மொத்தம் 270 இரவுகள். அதில் 27 இரவு உறைபனி. பைத்தான் நிரல்மொழியில் சைகிட்-லேர்ன் என்ற மென்பொருள் நூலகத்தை வைத்து, பல முடிவு மரங்களின் வாக்கைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் போட்டோம். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம், சராசரி ஈரப்பதம், காற்று ஆகியவற்றைக் கொடுத்தோம். 54 இரவில் சோதித்ததில் 93 சதவீதம் சரியாக வந்தது. ஆனால் இந்த ஜனவரியில் நேரடியாக ஓட்டியபோது, கேரட் கருகிய இரண்டு இரவிலும் 'பனி இல்லை' என்றது. அந்த மென்பொருள் பிரான்ஸ் அரசு நிறுவனத்தில் வளர்ந்தது என்கிறார்கள். ஓர் அரசு நிறுவனம் இதை ஏன் இலவசமாகத் தருகிறது? அதை நம்பலாமா?

பா.

அன்புள்ள பா. அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: மென்பொருளை நம்பலாம். 93-ஐ நம்ப வேண்டாம்.

270-ல் 27 என்றால் பத்து இரவுக்கு ஒன்று. ஒன்றுமே கணக்கிடாமல் தினமும் 'பனி இல்லை' என்று சொல்லும் ஒருவருக்கே 90 சதவீதம் கிடைத்துவிடும். உங்கள் 54 இரவில் 93 சதவீதம் என்பது நான்கு பிழை. அந்த 54-ல் உறைபனி இரவு ஐந்து இருந்திருக்கும். நான்கு பிழையும் அந்த ஐந்தில் விழுந்திருந்தால், உங்கள் மாதிரி, அதாவது பழைய பதிவைப் படித்துக் கணிக்கும் அந்த மாடல், ஒரே ஓர் உறைபனியைத்தான் பிடித்திருக்கிறது. கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸைப் பிள்ளைகளிடம் அச்சிடச் சொல்லுங்கள். நான்கு கட்டம்தான். எத்தனை உறைபனியைப் பிடித்தது, எத்தனையை விட்டது, எத்தனை முறை வீணாகப் பயமுறுத்தியது என்பது அதில் தெரிந்துவிடும்.

ஜனவரியில் கோட்டை விட்டதற்குப் பெரிய காரணம் வேறு. குறைந்தபட்ச வெப்பத்தை உள்ளீடாகக் கொடுத்திருக்கிறீர்கள். அது விடியற்காலையில் பதிவாகும் எண். பாத்தியை மூட வேண்டியதோ முந்தின நாள் சாயங்காலம். பழைய பதிவுகளில் அந்த எண் இருந்ததால் மாதிரி அதையே பிடித்துக்கொண்டது. நேரடியாக ஓட்டும்போது அந்த இடத்தில் எதை நிரப்பினீர்கள்? முந்தின நாள் எண்ணை என்றால், வானம் திடீரென்று தெளிந்த முதல் இரவில் அது தவறாமல் ஏமாற்றும். சராசரி ஈரப்பதத்திலும் இதே சிக்கல். அதில் நள்ளிரவுக்குப் பிந்தைய மணிகளும் கலந்திருக்கின்றன. இதை டேட்டா லீக்கேஜ் என்பார்கள். மாலை 6 மணிக்குக் கையில் இருப்பது மட்டுமே உள்ளே போகலாம்: 6 மணி வெப்பம், பனிப்புள்ளி (காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை), காற்றின் வேகம், 4 மணியிலிருந்து 6 மணிக்குள் எவ்வளவு இறங்கியது, மேகம் உண்டா இல்லையா. மேகத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்து 0, 1, 2 என்று எழுதினாலே போதும்.

அடுத்தது பிரித்த விதம். தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும் டிரெயின்-டெஸ்ட்-ஸ்பிளிட் தன்னியல்பாகவே வரிசையைக் கலைத்துப் போட்டுவிடும். உறைபனி தனியாக ஓர் இரவு வந்து போவதில்லை, நாலைந்து நாள் சேர்ந்தாற்போல விழும். 12, 14 தேதிகள் பயிற்சியிலும் 13 சோதனையிலும் விழுந்தால், பக்கத்து நாளைப் பார்த்து எழுதிய தேர்வு அது. ஒரு குழுவை ஒதுக்கி வைத்துச் சோதிக்கும் லீவ்-ஒன்-குரூப்-அவுட்டில் குளிர்காலத்தையே குழுவாகக் கொடுங்கள். இரண்டு குளிர்காலம் படித்து மூன்றாவதில் எழுதட்டும், மூன்று முறை மாற்றி மாற்றி. எண் இறங்கும். இறங்கட்டும்.

27 உறைபனி இரவுக்கு ரேண்டம் ஃபாரஸ்ட் அதிகம். நாலைந்து உள்ளீட்டோடு, நிகழ்தகவு தரும் எளிய முறையான லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போடுங்கள். இந்த நூலகத்தில் அது சி=1 என்ற கட்டுப்பாட்டோடுதான் (உள்ளீடுகளின் எடை மிகப் பெரிதாகாமல் தடுப்பது) வருகிறது; அதனால் அளவுகளைச் சமப்படுத்தாமல் விட்டால், சிறிய எண்களில் வரும் காற்றின் வேகமும் பெரிய எண்களில் வரும் ஈரப்பதமும் ஒரே மாதிரி நடத்தப்படாது. அளவைச் சமப்படுத்தும் ஸ்டாண்டர்ட் ஸ்கேலரைப் பைப்லைனுக்குள், அதாவது படிகளை வரிசையாகக் கோக்கும் தொடருக்குள், வையுங்கள். வெளியே மொத்தத் தரவுக்கும் சேர்த்துப் போட்டால் சோதனைப் பங்கின் சராசரி பயிற்சிக்குள் கசியும்.

கடைசியில் வருவது நிகழ்தகவு. 0.5-ஐத் தாண்டினால்தான் எச்சரிக்கை என்று எந்தச் சட்டமும் இல்லை. பாத்தி மூடும் கூலி ஒரு பங்கு, மூடாமல் கருகினால் நஷ்டம் எட்டுப் பங்கு என்று வீட்டில் கணக்குச் சொன்னால், எல்லை எட்டில் ஒன்று, அதாவது 0.125. இப்படி எல்லையை நகர்த்தும்போது அரிதான வகைக்குக் கூடுதல் எடை தரும் கிளாஸ்-வெயிட்டை 'பேலன்ஸ்டு' என்று வைக்காதீர்கள். அது நிகழ்தகவையே ஊதிவிடும். இரண்டையும் சேர்த்தால் தினமும் மூட வேண்டியதுதான்.

சென்சாரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கூரையடிக் காற்று 3 டிகிரி காட்டும்போதே கீழே புல்நுனி பூஜ்யத்துக்குப் போயிருக்கும். தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. உங்கள் பள்ளத்தாக்கிலும் தலைக்குந்தா பக்கமும் பள்ளமான இடங்களில் புல்வெளி வெளுத்திருக்க, மேட்டுத் தோட்டம் பச்சையாக நிற்பது இதனால்தான். இன்னொரு சென்சாரைத் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், கேரட் பாத்தி ஓரமாகவே வையுங்கள். நீங்கள் வாங்கியது விலை மலிவான டிஹெச்டி22 வகை என்றால், மூடுபனி நாட்களில் ஈரப்பதம் 99.9-லேயே ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடும். மணிக்கணக்கில் அசையாத எண்ணை வெற்றாக விட்டுவிடுங்கள். லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் வெற்றிடத்தை ஏற்காது, பிழை காட்டி நின்றுவிடும். அந்த இரவை நீக்க வேண்டும், அல்லது பைப்லைனில் வெற்றிடத்தை நிரப்பும் சிம்பிள் இம்ப்யூட்டரைச் சேர்க்க வேண்டும்.

இனி அந்த நிறுவனம். இன்ரியா என்பது கணினி அறிவியலுக்கும் பயன்பாட்டுக் கணிதத்துக்கும் பிரான்ஸ் அரசு நடத்தும் ஆய்வு நிறுவனம். 1967-ல் வெர்சாய் அருகே ரோக்கன்கூரில், நேட்டோ படைத் தலைமையகம் காலி செய்த வளாகத்தில் இரியா என்ற பெயரில் தொடங்கினார்கள். பிரான்சின் அணுத்திட்டத்துக்கு அமெரிக்கா பெரிய கணினி தர மறுத்தது, பிரெஞ்சுக் கணினிக் கம்பெனியான புல் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் கைக்குப் போனது. இந்த இரண்டு சூட்டில் பிறந்த கணினித் திட்டத்தின் பிள்ளை அது. நமக்கு அமெரிக்காவின் கிரே சூப்பர் கணினி மறுக்கப்பட்ட பின் 1988-ல் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு மையம் வந்த கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பின்னாளில் தலைவராக வந்த கணிதர் ழாக்-லூயி லியோன்ஸும் அவருடைய மாணவர்களும் பெங்களூரில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பயன்பாட்டுக் கணிதப் பிரிவு வேரூன்ற உதவியவர்கள்.

அங்கே துறைவாரி நாற்காலி கிடையாது. ஒரே கேள்வியைச் சுற்றிச் சிறு குழு. சில ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் மதிப்பீடு. கேள்வி தீர்ந்தால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். என் பார்வையில் அதன் நல்ல குணம் இதுதான். கெட்ட அனுபவமும் உண்டு. 1970-களில் லூயி பூஸான் அங்கே கட்டிய சிக்லாட் கணினி வலையின் டேட்டாகிராம் முறை (தகவலைத் தனித்தனிப் பொட்டலமாக அனுப்புவது), இணையத்தை வடிவமைத்தவர்களுக்கு நேரடியாக உதவியது. ஆனால் சொந்த நாட்டுத் தொலைபேசித் துறை வேறு வழியைப் பிடித்துக்கொண்டது, சிக்லாட்டுக்குப் பணம் நின்றுபோனது.

சைகிட்-லேர்ன் 2007-ல் ஒரு மாணவரின் கோடைகாலத் திட்டமாகத் தொடங்கியது. மூளைப் படங்களை ஆராயும் ஒரு இன்ரியா குழு தன் வேலைக்காக அதைக் கையில் எடுத்து, 2010 பிப்ரவரியில் முதல் பொது வெளியீட்டைத் தந்தது. உரிமம் பிஎஸ்டி வகை: உரிமக் குறிப்பை மட்டும் விட்டுவைத்தால், எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். வரிப்பணத்தில் எழுதியதை எவரும் சரிபார்க்கட்டும் என்பது ஒரு பக்கம். வெளியார் கண்டுபிடித்துத் திருத்தும் பிழைகள் அவர்களுக்கே லாபம் என்பது மறுபக்கம். வெறும் தர்மம் அல்ல.

பள்ளிக் கணினிகளில் நிறுவும்போது, பைத்தான் நூலகங்களை இறக்கும் 'பிப் இன்ஸ்டால்' கட்டளையில் 'சைகிட்-லேர்ன்' என்ற முழுப்பெயரையே கொடுங்கள். நிரலுக்குள் அழைக்கும் 'எஸ்கேலேர்ன்' என்ற சுருக்கத்தைக் கொடுத்தால் நிறுவல் நின்றுவிடும். பழகிய மாதிரியைக் கோப்பாகச் சேமிக்கும் ஜாப்லிப்பில் சேமித்தால், எந்தப் பதிப்பில் சேமித்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். வேறு பதிப்பில் திறந்தால் எச்சரிக்கை வரும், சில சமயம் திறக்கவே திறக்காது. அந்த நூலகத்தை எழுதியவர்களே நடத்தும் இலவச வகுப்பு பிரான்சின் ஃபன் என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. மாதிரியைச் சோதிப்பது பற்றிய பாடங்களைப் பிளஸ் டூ பிள்ளைகள் நவம்பருக்குள் முடித்துவிட்டால், அடுத்த பனிக்குப் புதிய கணக்கோடு தொடங்கலாம்.