பனிக்கண்டத்தில் களை பிடுங்குகிறார்கள்: கேள்வி பதில்

அண்டார்டிகா என்னும் தென் துருவ நிலத்துக்குள் புகும் வெளியூர்ச் செடி, பூச்சிகளைப் பற்றி நம் மாவட்ட நண்பர்கள் கேட்டவை இவை. தாவரவியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு விவசாயி: சார், பனிக்கட்டியில் என்ன களை முளைக்கும்?

பனி மூடாத நிலமும் அண்டார்டிகாவில் கொஞ்சம் உண்டு, ஒரு சதவீதத்துக்கும் குறைவாக. அங்கே இயல்பாகப் பூக்கும் செடி இரண்டே வகைதான். 1985-ல் கிங் ஜார்ஜ் தீவில், போலந்து ஆய்வு நிலையத்தருகே போவா அனுவா என்ற புல் தென்பட்டது. பல நாடுகளில் பாதையோரம் முளைக்கும் சாதாரணப் புல். பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை மறுபடி முளைக்கிறது.

ஓசூர் மாணவி: அவ்வளவு தூரம் எப்படிப் போனது?

அஞ்செட்டிப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் நடந்துவிட்டு வேட்டி ஓரத்தைப் பாரம்மா, நாயுருவி விதை வரிசையாகக் குத்தி நிற்கும். அதே கதைதான். பூட்ஸ் மண், பை மடிப்பு, ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ). 2007-08 கோடையில் அங்கே போனவர்களைச் சோதித்ததில், விதை சுமந்தவர்களிடம் ஆளுக்குச் சராசரியாக 9.5 விதைகள்.

தேன்கனிக்கோட்டை நண்பர்: சூடு ஏறுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இதுவரை குளிர்தான் வேலி. விதை போய் விழுந்தாலும் பிழைக்காது. இப்போது வேலி தாழ்கிறது. அண்டார்டிகாவை ஒட்டிய சிக்னி தீவைப் பாருங்கள். 1960-களில் ஆய்வுக்காக தெற்கு ஜார்ஜியா என்ற தென் அட்லாண்டிக் தீவிலிருந்து செடிகளை மண்ணோடு கொண்டுவந்து நட்டார்கள். கூடவே இறக்கையில்லாத ஒரு குட்டிப்பூச்சியும் வந்துவிட்டது. ஆண் தேவையில்லை, பெண்ணே தனியாக முட்டையிட்டுப் பெருகும். அதன் புழு மட்கிய பாசியைத் தின்று மண்ணில் தழைச்சத்தைக் கூட்டுகிறது. நம் காதுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அங்குள்ள பாசிகள் சத்தில்லாத மண்ணுக்கே பழகியவை. உரம் ஏறினால் வெளியூர்ப் புல்லுக்குத்தான் கொண்டாட்டம்!

பென்னாகரம் ஆசிரியை: வந்ததை ஒழிக்கவே முடியாதா?

முடிந்திருக்கிறது. திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வந்த எலிகள் தெற்கு ஜார்ஜியாவில் பறவைக் குஞ்சுகளைத் தின்று தீர்த்தன. ஹெலிகாப்டரிலிருந்து விஷத்தீனி தூவி, 2018-ல் எலி இல்லை என்று அறிவித்தார்கள். பெரும் செலவு. நம் காட்டு உண்ணிச்செடியைப் பத்துச் செடியாக இருந்தபோதே யாராவது பிடுங்கியிருந்தால் என்று எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அவர் மகன்: வண்டி இழுக்கும் நாயாவது இருக்குமா?

இல்லை தம்பி. நாயின் நோய் கடல்நாய்களுக்குத் தொற்றலாம் என்று 1994-க்குள் எல்லா நாய்களையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.