ஃபேன்டசி பேஸ்பால் லீக்கில் எந்தப் பிரிவுகளை வைத்தால் நியாயமாக இருக்கும்?

கேள்வி: நண்பர்கள் 12 பேர் சேர்ந்து வாராவாரம் நேருக்கு நேர் மோதும் ஃபேன்டசி பேஸ்பால் லீக் (நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் எடுக்கும் எண்களால் மோதும் விளையாட்டு) தொடங்குகிறோம். பேட்டிங்குக்கு ஐந்து, பிட்சிங்குக்கு ஐந்து என்ற பழைய பிரிவுகளே போதுமா, மாற்ற வேண்டுமா?

பதில்:

எங்கள் லீக்கின் பொறுப்பாளர் நான். முதல் சீசனிலேயே ஒரு காரியத்தைக் கெடுத்தேன். வழக்கமான ஐந்து பேட்டிங் பிரிவுகளான ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன்கள்), ஸ்டீல் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), சராசரி ஆகியவற்றோடு ஓபிஎஸ் (பேஸை எட்டும் விகிதமும் அடியின் வலுவும் சேர்ந்த எண்), மொத்த பேஸ்கள் (அடிகளால் எட்டிய பேஸ்களின் கூட்டல்) என்று இரண்டைச் சேர்த்தேன். பிரிவு கூடக்கூடத் திறமையின் எல்லாப் பக்கங்களும் தெரியும் என்று நினைப்பு. நடந்தது நேர்மாறு. ஒருவர் ஹோம் ரன் அடித்தால் ஹோம் ரன், ரன், ஆர்பிஐ, சராசரி என நான்கு பிரிவுகளில் அது ஏற்கெனவே பதிவாகிவிடுகிறது. நான் சேர்த்த இரண்டும் அதே அடியைத்தான் மறுபடி எண்ணின. ஏழில் ஆறு பிரிவுகள் ஒரே ஆளுக்கு! ஸ்டீலில் வல்லவர்களாகப் பார்த்து அணி சேர்த்திருந்த நண்பர் ஜூன் மாதத்திலேயே எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் எதையாவது சேர்க்கத் தோன்றினால், முன்பே எண்ணிய ஒன்றைத்தான் அது மீண்டும் எண்ணுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆமாம் என்றே இருக்கும். பிரிவுகளைச் சேர்ப்பதைவிட, இருப்பதில் ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைப்பதே நல்லது.

இந்தப் பிரிவுகள் மாற்றக்கூடாத சாசனமும் அல்ல. 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது எட்டுப் பிரிவுகள்தான். ரன்னும் ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் பிட்சர் பேட்டரை அவுட்டாக்குவது) பின்னால் வந்தவை. கையால் கணக்குப் போட்ட காலத்தின் தேர்வு அது.

முதலில் மாற்ற வேண்டியது பேட்டிங் சராசரி. பேட்டர் வாக் (பிட்சர் சரியாக வீசாத நான்கு பந்துகளால் கிடைக்கும் இலவச பேஸ்) வாங்கி முதல் பேஸுக்குப் போவதை அது கண்டுகொள்வதே இல்லை. 2021இல் ஜோயி கேலோவின் சராசரி .199. அவரை வைத்திருந்தவர் அந்தப் பிரிவில் தலைகுனிந்திருப்பார். ஆனால் அதே ஆண்டில் அவர் வாங்கிய வாக் 111, ஓபிபி (பேட்டர் பேஸை எட்டும் விகிதம்) .351, லீக் சராசரியைவிட நன்றாகவே மேல். சராசரிக்குப் பதில் ஓபிபியை வையுங்கள்.

அடுத்தது பிட்சரின் வெற்றிக் கணக்கு. 2018இல் பிட்சர் ஜேக்கப் டிகிராமின் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த எர்ன்டு ரன்) 1.70. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே. வெற்றியோ 10, தோல்வி 9. அவருடைய அணி ரன் எடுக்காததற்கு உங்கள் நண்பர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? குவாலிட்டி ஸ்டார்ட் அதற்கு மாற்று: ஆறு இன்னிங்ஸாவது வீசி, மூன்று எர்ன்டு ரன்களுக்கு (ஃபீல்டிங் பிழையால் வராத ரன்கள்) மேல் தரக்கூடாது. அதிலும் குறை உண்டு. ஆறு இன்னிங்ஸில் மூன்று ரன் என்றால் ஈஆர்ஏ 4.50; அதில் குவாலிட்டி எங்கே இருக்கிறது என்று ஒருவர் எங்களிடம் ஆண்டுதோறும் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனாலும் அது பிட்சரின் கையில் இருக்கிறது.

சேவ் (நெருக்கமான ஆட்டத்தில் முன்னிலையைக் கடைசிவரை காத்து முடிப்பது) விஷயத்தில் எனக்கே இரண்டு மனம். 30 அணிகளில் நிரந்தர க்ளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்கும் கடைசி பிட்சர்) இருப்பது சிலவற்றில் மட்டுமே. வேலை திடீரென இன்னொருவருக்குக் கைமாறும்போது, அந்த நிமிடம் யார் விழித்திருக்கிறாரோ அவருக்கு அதிர்ஷ்டம். சேவையும் ஹோல்டையும் (முன்னிலையைக் காத்து அடுத்த பிட்சரிடம் ஒப்படைப்பது) கூட்டி ஒரே பிரிவாக்கினால் இந்த ஓட்டப்பந்தயம் அடங்கும். க்ளோசரைத் தேடிப் பிடிக்கும் சாமர்த்தியத்துக்கு மதிப்புப் போய்விடும் என்று எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். நான் கூட்டிவிட்டேன்.

ஸ்டீலைத் தொடாதீர்கள். கால் வேகத்துக்கென்று இருக்கும் ஒரே பிரிவு அது. 2023இல் பேஸ்களின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, பேஸில் நிற்பவரை மடக்கப் பிட்சர் எறியும் தடுப்பு வீச்சுக்கும் கட்டுப்பாடு வந்தது. முந்தைய ஆண்டு 2,486 ஆக இருந்த ஸ்டீல்கள் 3,503 ஆக உயர்ந்தன. ஆகவே கிடைக்காத சரக்கு என்ற பழைய புகாரும் இப்போது வலுவிழந்துவிட்டது.

பலரும் மறந்துவிடும் ஒன்று, குறைந்தபட்ச இன்னிங்ஸ் வரம்பு. அது இல்லாவிட்டால் ஒரு தந்திரக்காரர் ரிலீஃப் பிட்சர்களை (ஆட்டத்தின் நடுவில் வந்து கொஞ்சமே வீசுபவர்கள்) மட்டுமே வைத்துக்கொண்டு ஈஆர்ஏ, விப் (ஒரு இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த வாக்கும் ஹிட்டும்), சேவ் மூன்றையும் வாரந்தோறும் அள்ளிவிடுவார். ஐந்தில் மூன்று! எங்கள் வரம்பு வாரத்துக்கு 25 இன்னிங்ஸ். எட்டாதவர் ஈஆர்ஏ, விப் இரண்டையும் இழப்பார்.

ஆக எங்கள் லீக்கில் இப்போது இருப்பவை ரன், ஹோம் ரன், ஆர்பிஐ, ஸ்டீல், ஓபிபி. பிட்சிங்கில் குவாலிட்டி ஸ்டார்ட், ஸ்ட்ரைக்அவுட், சேவும் ஹோல்டும், ஈஆர்ஏ, விப். மொத்தம் பத்து என்பதால் 5-5 என்று சமனில் முடியும் வாரங்கள் வரும், வரட்டும்.

வாக்கெடுப்பு நடத்துவதானால், டிராஃப்ட்டில் (வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுத்துப் பங்கிடும் நாளில்) யார் எத்தனையாவதாகத் தேர்ந்தெடுப்பது என்று சீட்டுக் குலுக்குவதற்கு முன்பே நடத்திவிடுங்கள். எங்கள் லீக்கில் ஒருமுறை குலுக்கிவிட்டு வாக்கெடுத்தோம். முதல் இடம் கிடைத்தவருக்கு அன்று மாலையே ஸ்டீல் மீது அபாரமான பக்தி பிறந்துவிட்டது.